பேராயரைக் குசினிக்குள் கூட்டிச் சென்றது

எங்கள் அங்கிலிக்கன் கோயிலுக்கு வார்டனாக வர முடியுமா என்று கோயில் போதகரான ஐயர் போனில் கேட்டபோது, "ஜெபம் பண்ணிப்போட்டுச் சொல்லுறன் ஐயர்" என்றேன். தேநீர் ஆறுவதற்குள் திருப்பி எடுத்து ஓம் என்றுவிட்டேன். வார்டன் என்றால் சபையாரின் சார்பில் கோயிலைக் கவனிப்பவர். கூரை ஒழுகினால் ஆள் பிடிக்க வேண்டும். ஐயரோடு யாருக்காவது மனத்தாங்கல் வந்தால் நடுவில் நிற்க வேண்டும். இவை எதுவும் என் கண்ணில் படவில்லை. பேராயர் வரும் நாளில் வார்டன் ஆளுயரக் கோலொன்றைப் பிடித்தபடி அவருக்கு முன்னால் நடக்க வேண்டும். அது மட்டும் பட்டது.

மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மெண்டில் மொப் தடியோடு ஒரு கிழமை நடந்து பழகினேன். "கொஞ்சம் தள்ளி நடவும், மட்ச் தெரியேல்லை" என்றார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த என் கணவர்.

பேராயர் வந்த ஞாயிறு உறைமழை. கோயிலின் பின்னறையிலிருந்து வெளியால் சுற்றி முன்வாசலுக்குப் போவதாக இருந்தோம். "வழுக்கும், உள்ளுக்காலையே போவம்" என்றார் ஐயர். எந்தக் கதவால் என்று நான் கேட்கவில்லை. வார்டன் போய் வழி கேட்பதா?

நடைவழியின் முடிவில் இரண்டு கதவுகள் இருந்தன. நாடியை நிமிர்த்தியபடி வலப்பக்கக் கதவைத் தள்ளினேன். எனக்குப் பின்னால் பேராயர், அவருக்குப் பின்னால் ஐயர். உள்ளே இரண்டு அன்ரிமார் மத்தியானச் சாப்பாட்டுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பிள்ளை, அதுக்குள்ள ஆராதனை முடிஞ்சிட்டுதோ?" என்று கேட்ட அன்ரி, பேராயரின் கூம்புத் தொப்பியைக் கண்டதும் எண்ணெய்க் கரண்டியோடேயே கும்பிட்டார்.

திரும்பி வெளியேற முயன்றேன். கோல் பிரிட்ஜுக்கும் சாமான் தட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்துக்கொண்டிருக்க, பேராயர் ஆங்கிலத்தில் மெதுவாக, தானும் ஐயரும் முன்னே போவதாகச் சொன்னார். அப்படியே கோயிலுக்குள் போனோம்: முதலில் ஐயர், பிறகு பேராயர், கடைசியில் கோலோடு நான். ஓர்கன் வாசிப்பவர் அதே பாட்டை மூன்றாம் தரம் தொடங்கியிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் போனேன்.

"நான் விலகிறன் ஐயர். இது எனக்குச் சரிவராது."

"விலகலாம்தான்" என்றார் அவர். "ஆனா வேற ஆள் இல்லை. உங்களுக்கு முதல் ஆறு பேரைக் கேட்டனான்."

இத்தனை நாளும், என்னிடம் எதையோ கண்டுதான் அவர் கேட்டார் என்று நினைத்திருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் அந்த அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எத்தினை பேராயர்மார் வந்து போனவை. ஒருத்தரும் குசினிப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நீர்தான் கூட்டிக்கொண்டு வந்து எங்களைக் காட்டினனீர்."

"ஓம் அன்ரி, யோசிச்சுத்தான் செய்தனான்" என்றேன். எனக்கு இன்னும் இரண்டு ரோல்ஸ் வைத்தார்.