வைஸுக்கு அண்ணன் மாட்டிய உறை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை ஏதோ ஒரு விதத்தில் அறிந்தவர்களே. தங்கையாகிய நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

கீழ்பென்னாத்தூர் அருகே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்ட குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்த கையோடு அண்ணன் திருவண்ணாமலை செங்கம் சாலையில் பட்டறை போட்டு, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். சிறு வயதில் போலியோ வந்ததால், இடது காலில் இரும்புக் கம்பி வைத்த காலிப்பர் அணிந்து நடப்பவள் நான்.

அரசு வேலையில் சேர ஒரு வாரம் இருந்தபோது பஸ் படியில் தவறி விழுந்தேன். காலிப்பர் கம்பி வளைந்துவிட்டது. புதிது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அண்ணன் அதைப் பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் இறுக்கி நிமிர்த்திக் கொடுத்தார். வைஸ் தாடைகளின் பற்கள் கம்பியில் பதிந்து பிசிறு கிளம்பியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. மறுநாள் என் கணுக்காலருகே துணியில் ரத்தக் கறையை அண்ணன்தான் பார்த்தார்.

“எப்போலேர்ந்து குத்துது?”

“நேத்துலேர்ந்துண்ணா. நீ கஷ்டப்பட்டு செஞ்சியே, அதான் சொல்லல.”

“வலிச்சா சொல்லணும்மா. நான் என்ன வெளியாளா?”

அன்று அவர் சாப்பிடவில்லை. பழைய சைக்கிள் டயரை வெட்டித் தாடைகளுக்கு நடுவே கொடுத்துப் பார்த்தார், கம்பி வழுக்கியது. பழைய இரும்புக் கடைக்குப் போய், கழற்றிப் போட்ட கடைக் கதவின் அலுமினியத் துண்டுகளைப் பொறுக்கி வந்தார். தாடை அகலத்துக்கு இரண்டு வெட்டி, மரச் சுத்தியலால் தட்டி மடித்து, உறை போல மாட்டினார். அது கம்பியை நழுவவும் விடவில்லை, கீறவும் இல்லை. பழைய தழும்புகளை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிறகு அந்தக் கம்பியைத் தம் முழங்கையின் உட்புறத்தில் மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்துவிட்டே என்னிடம் கொடுத்தார். குறித்த நாளில் வேலையில் சேர்ந்தேன்.

அதன் பின் ஊன்றுகோல், காலிப்பர் என்று யார் கொண்டுவந்தாலும், அந்த உறையை மாட்டாமல் அவர் வைஸைத் திருகியதில்லை.

மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்த அண்ணன் நான்காம் நாள் எங்களை விட்டுப் போனார். கட்டிலருகே நின்ற என்னிடம், “எவ்ளோ நேரம் நிப்ப? உக்காரும்மா” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இப்போதும் வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கினால் கண் பட்டறைப் பக்கம் போகிறது. வலித்தால் சொல்லணும் என்றவர் அங்கே இல்லை.

அண்ணனை ஆட்டோவில் கொண்டு சேர்த்த பக்கத்துக் கடைக்காரருக்கும், அண்ணியோடு மருத்துவமனையில் இருந்த உறவினர்களுக்கும், பட்டறையை மூட விடாமல் நடத்தித் தரும் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அண்ணனாக இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லியிருப்பார். அவருக்காக நான் வருகிறேன். மெதுவாகத்தான் வருவேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.