‘அது’ என்று இருந்த இடமெல்லாம்

முதலிலேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். அடுத்தவர் சொல்வதை டைப் அடித்துத்தான் பழக்கம். சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், திருவண்ணாமலையில் நடந்தது. கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. மலைமேல் தீபம் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்த நாட்கள். செங்கம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை எனக்கு. பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண் கடைக்கு அடிக்கடி வருவாள். முப்பது வயது இருக்கும். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு. கஞ்சாவைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அந்தப் பழக்கத்தில் விழுந்தவர்களின் வீட்டுப் பெண்கள் அதைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நாலு அம்மாக்களிடம் பேசிப் பதிவு செய்திருந்தார்கள். வெளியூர் ஆள் போனால் பேச மாட்டார்கள் என்று அந்தப் பக்கத்து நர்சம்மா ஒருவர் போய்ப் பேசியிருந்தார். அந்தப் பதிவுகளைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. “பேசினது பேசினபடியே அடிங்கக்கா” என்று சொல்லித்தான் கொடுத்தாள். நானும் ஒரு வரி விடாமல் அடித்துக் கொடுத்தேன்.

வெளிநாட்டில் கஞ்சா ஆராய்ச்சிக்கென்றே ஒரு மாநாடு நடக்கிறதாம். பேராசிரியர்களும் டாக்டர்களும் வருவார்களாம். அதற்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்ப வேண்டும். அதை அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் போய்ப் பேச முடியும். அனுப்பக் கடைசி நாள் வந்துவிட்டது, மாலை ஐந்து மணியோடு சரி. ரூமில் நெட் வரவில்லை என்று காலை பதினொரு மணிக்கே எங்கள் கடைக்கு வந்துவிட்டாள். இது கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்றாள்.

எங்கள் முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னாம்மா, அதுக்கெல்லாமா மாநாடு போடறாங்க? வாசல்லயே போலீஸ் நிக்குமே!”

அவளும் சிரித்துக்கொண்டே ஃபாரத்தை நிரப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள். “அக்கா, எனக்கே ஆச்சரியமா இருக்குது. கிராமத்து அம்மாங்க வெளியே சொல்லக் கூச்சப்படுவாங்கன்னு நெனச்சேன். இவங்க வரிக்கு வரி கஞ்சா கஞ்சான்னு பேரைச் சொல்லியே பேசறாங்க. மறைக்கவே இல்ல. அதத்தான் முக்கியமா எழுதியிருக்கேன்.”

என் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த அம்மாக்கள் யாரும் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை. நாலு பேரும் ‘அது’ என்றுதான் சொன்னார்கள். மாற்றி அடித்தது நான்.

வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் கடையில் மனு அடிக்க வருகிறவர்கள் ‘அத பக்கத்து வூட்டுக்காரன் வளச்சிக்கினான்’ என்பார்கள். நான் எது என்று கேட்டு, நிலம் என்று போட்டு, சர்வே எண்ணும் சேர்த்து அடிப்பேன். ‘அது’ என்று மட்டும் இருந்தால் ஆபீஸில் மனுவைத் திருப்பிவிடுவார்கள். இருபது வருடப் பழக்கம். படிக்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று இதிலும் அப்படியே செய்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவளும் அனுப்பிவிடுவாள், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மாக்களின் பேரில் ஒரு பொய் கடல் கடந்து போகும். அதுவும் என் கையால் அடித்த பொய்.

“மேடம், அனுப்பாதீங்க” என்றேன். “அவங்க அப்படிச் சொல்லலீங்க. ‘அது’ன்னுதான் சொன்னாங்க. நான்தான் மாத்திட்டேன்.”

“என்னான்னு மாத்தினீங்க?”

“அதான்... அந்தப் பேர போட்டு.”

“எந்தப் பேர?”

என்னால் சொல்ல முடியவில்லை. நான் அடித்த பதிவைத் திறந்து, திரையில் அந்த வார்த்தை இருந்த இடத்தை விரலால் காட்டினேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று தலை குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. “அக்கா, நீங்களும் சொல்ல மாட்டேன்றீங்க” என்றாள் மெதுவாக. “பக்கம் பக்கமா அந்தப் பேர அடிச்சிருக்கீங்க. வாயால வரல பாருங்க.” கையை நீட்டிக் காட்டினாள். மயிர்க்கூச்செறிந்திருந்தது.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் தம்பியும் அந்தப் பழக்கத்தால் வேலையும் குடும்பமும் இழந்தவன். பத்து வருடமாக எங்கள் வீட்டில் ‘அத விட்டுட்டானா’, ‘மறுபடியும் அதுதானா’ என்று மட்டும்தான் கேட்டிருக்கிறோம். அந்தப் பேரை ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை. இதை அவளிடம் சொன்னேன். கடையில் வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் ‘அது’ என்று மாற்றிவிடலாமே என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். “வேணாம்க்கா. இந்த வாட்டி கேட்டுட்டே அடிப்போம். நானும் பதிவ முழுசா கேட்காம உங்க தாளையே நம்பிட்டேன். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்.”

ஒரே ஹெட்போன். ஒரு பக்கம் அவள் காதில், ஒரு பக்கம் என் காதில். “ரெண்டு பேரும் ஒரே ஒயர்ல தொங்கறீங்களே, புதுப் பாட்டா?” என்று முதலாளி கேட்டுவிட்டுப் போனார்.

முன்பு ஒருமுறை முழுக்கக் கேட்டு அடித்த அதே பதிவுகள்தான். ஆனால் அன்று வேறு ஏதோ கேட்பது போல் இருந்தது. ஓர் அம்மா ‘அது’ என்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நிறுத்தினார். அந்த இடைவெளியில் வளையல் சத்தமும் கன்றுக்குட்டி கத்துவதும் கேட்டன. இன்னொரு அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டில் யாரும் இல்லை என்று அவரேதான் முதலில் சொல்லியிருந்தார். மூன்றாமவர் சில இடங்களில் ‘அந்தக் கருமம்’ என்றார். அதையும் நான் மாற்றித்தான் வைத்திருந்தேன். கடைசி அம்மா, “அது வந்தப்புறம் எம் புள்ள என்னிய அம்மான்னு கூப்புடறதே கம்மியாயிடுச்சும்மா” என்றார். அங்கே ‘அது’ என்றபோது அவர் குரல் உடைந்தது. அந்த இடத்தில் நான் மூன்றெழுத்துப் பேர் ஒன்றைப் போட்டு அந்த அழுகையை அழித்திருந்தேன்.

அந்தப் பெண் ஒவ்வொரு ‘அது’வையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். எவ்வளவு நேரம் தயங்கினார், மூச்சு வாங்கினாரா என்று குறித்துக்கொண்டாள். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு என்றால் பெரிய பெரிய வார்த்தைகள் என்று நினைத்திருந்தேன். யாருமே பொருட்படுத்தாத இரண்டெழுத்துக்கு முன்னால் ஒரு படித்த பெண் இவ்வளவு பணிவாக உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்ததே இல்லை. காலையில் கிண்டல் செய்த முதலாளிகூட ‘அதுக்கெல்லாமா மாநாடு’ என்றுதான் கேட்டார் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றரை மணிக்குப் பழைய சுருக்கத்தை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தாள். சாப்பிடக்கூட இல்லை. ஐந்துக்குச் சில நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அனுப்பியதன் பிரதி ஒன்றை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் ஆங்கிலம், எனக்குப் புரியாது. ஆனால் தலைப்பிலேயே, ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில், தமிழில் ‘அது’ என்று இருந்தது. என் பேரையும் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம்மா என்றேன். ஒரு டைப்பிஸ்ட் அக்கா என்று மட்டும் கடைசியில் எழுதிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து, ஏற்றுக்கொண்டார்கள் என்று போன் செய்தாள். அந்த மாநாட்டில் யார் என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். யாராவது ‘அது’ என்று சொல்லி நிறுத்தினால், எது என்று உடனே கேட்க இப்போதெல்லாம் எனக்கு வாய் வருவதில்லை. அந்த இரண்டெழுத்துக்குள் ஒரு வீடே இருக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்தச் சுருக்கத்தை அனுப்பிய மறுநாள் காலை ஒருவர் குடிநீர் மனு அடிக்க வந்தார். அவர் சொன்னபடியே ‘தண்ணி வர்ல’ என்று அடித்துக் கொடுத்தேன். முதலாளி பார்த்துத் திட்டினார். ‘குடிநீர் வரவில்லை’ என்று மாற்றிக் கொடுத்தேன்.