ஆறு பேர் அமரும் கார்

எதிர்வீட்டு வேன்காரிக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூட வேனில் ஒரு பிள்ளை குறைந்தாலும் வண்டியை நகர்த்த மாட்டாள். விரலை நீட்டித் தலைகளை எண்ணுவாள். தன் தலையை மட்டும் சேர்க்க மாட்டாள். ஓட்டுகிறவளை எந்தத் தாய் தேடப் போகிறாள்?

அந்த வேனை ஓட்டித்தான் தம்பியைப் படிக்க வைத்தாள், அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தாள். தான் ஒண்டிக்கட்டையாக நின்றுவிட்டாள். தம்பி பெரிய கார் வாங்கப் போகிறான் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “எல்லாருமா ஒரே வண்டியில கடலுக்குப் போகப் போறோம் அண்ணே” என்று, வேனைப் பழுது பார்க்கும் என்னிடம் வந்து வந்து சொன்னாள்.

ஷோரூமில் நடந்ததையும் அவளே சொன்னாள். காரின் நடு வரிசையில் நீள சீட் என்றால் மொத்தம் ஏழு பேர் போகலாம். சொகுசாகத் தனித்தனி சீட் என்றால் ஆறே பேர்தான்.

“நாம எத்தனை பேருக்கா?” என்று தம்பி கேட்டிருக்கிறான்.

வழக்கம்போல விரலை நீட்டினாள். தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். “ஆறு பேருடா. தனித்தனி சீட்டே எடு. நீள சீட்டுல நடுவுல உட்கார்ந்தா உன் மாமியார் இடுப்பு போயிடும்.”

கூடப் போயிருந்த அத்தனை பேருக்கும் அவள் விட்ட தலை தெரிந்திருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கடலுக்குக் கிளம்பிய காலையில் அவள் டிரைவர் கதவைத் திறந்தாள். உள்ளே தம்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கண்ணாடியாக உள்ளே பார்த்தாள்.

“அப்போ நான்?”

“நீதானேக்கா ஆறு பேருன்னு சொன்னே!” என்று சிரித்தான். ஏறிய ஏணியை எட்டி உதைப்பவனைப் பார்த்திருக்கிறேன். உதைத்துவிட்டுச் சிரித்தவனை அன்றுதான் பார்த்தேன்.

தம்பி மனைவி கண்ணாடியை இறக்கினாள். “பின் வரிசையில ஆள் உட்கார்ந்தா பெட்டி வைக்க இடமே இல்ல அண்ணி. எல்லாத்தையும் வேன்ல போட்டுக்கிட்டு எங்க பின்னாடியே வந்துடுங்களேன்.”

நாலு வார்த்தை கேட்டுவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, “பிரேக் சரியா இருக்குல்ல அண்ணே?” என்றாள். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேனில் வைத்தாள்.

திரும்பி வந்ததும், கடலைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“பார்த்தேன் அண்ணே. பெட்டியை விட்டுட்டு இறங்க முடியுமா? வேனுக்குள்ளயே உட்கார்ந்துட்டேன். கண்ணாடி வழியா நல்லாத் தெரிஞ்சுது.”