என் வாய்க்கு அளந்த பிடியரிசி

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் இருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். வாந்திபேதி தெருத்தெருவாக வந்துபோன காலத்தில், ஒன்றைக்கூட மண்ணுக்குக் கொடுக்காத தாய் எங்கள் அம்பத்தூரில் எத்தனை பேர்? கர்த்தர் காத்தார். நானே என் வாயால் அவர்களைத் தினமும் சாகடித்துக்கொண்டிருந்தபோதும் காத்தார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத்துக்கூட்டித்தான் எனக்கு எழுத வரும். பேத்தியின் பழைய நோட்டில், பென்சிலால், பத்து நாளாக எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரருக்கு ரயில் பாதையைச் செப்பனிடும் கேங்கு வேலை. நான் ஏரிக்குக் கீழே நடவுக்கும் களையெடுக்கவும் போவேன். திரும்பி வந்தால் ஆறு பிள்ளைகள். குடம் சாய்ந்தால் சாபம். ஆடு அவிழ்ந்தால் சாபம். "கட்டையில போறவனே", "உன்ன பேதி வாரிக்கினு போவ" என்பதெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி வரும். தெருவில் எல்லாத் தாய்மாரும் பேசுகிற பேச்சுதான். என் மாமியாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் சபையை நடத்தும் உபதேசியாரிடமே போய், "சாத்தான் என் நாக்குல குந்திகினு எறங்க மாட்றான் ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டேன். அவரும் பண்ணினார்.

வரும் வழியில் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏம்மே, இம்மாம் பெரிய ஊர்ல சாத்தானுக்கு குந்த உன் நாக்குதான் கெட்சிதா?"

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி எல்லோரும் பாயில் முழங்கால் போடுவோம். பெரியவனிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி ஜெபம் சொல்லும். ஒன்று முடித்ததும் மற்றவர்கள் "ஆமென்" என்போம். எங்கள் வீட்டு முறை அது.

கீழ்த்தெருவில் பேதி கண்டிருந்த வாரம். அன்று காலையில் என் நாலாவது பெண், ஐந்து வயது, கூழ்ச்சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். நான் வழக்கம்போல வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நடவுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அவள் முறை வந்தது.

"ஏசப்பா, அம்மா தெனம் கேக்குறாங்களே, என்ன பேதில வாரிக்கினு போ. அண்ணன வாணாம், என்ன மட்டும். கூழு நான்தான் கொட்னேன்."

"ஆமென்" என்றோம். நானும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் கேட்டது என்ன என்று எனக்கு உறைத்தது.

அப்படியே அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அடுத்த நாட்களில் அவள் புதர்ப் பக்கம் ஒதுங்கினால் போதும், பின்னாலேயே ஓடுவேன். வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். யாரைக் குற்றம் சொல்வது? மாமியார் மண்ணுக்குள் போய் மூன்று வருஷம். அந்த ஆமெனைச் சாத்தான் சொல்லவில்லை, நான் சொன்னேன். என் பிள்ளையின் உயிரை என் வாயே கேட்டு, என் வாயே ஆமென் போட்டிருக்கிறது. கர்த்தர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அது அவர் செய்த கிருபை. வாயை அடக்குவது என் வேலை.

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒரு சின்னப் பானையில் போட்டு வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். அந்தப் பானையைப் பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

"இனிமே அம்மா வாயில அந்தப் பேச்சு வந்தா, இத்த எட்த்துகினு வந்து நில்லு. என் பங்குலர்ந்து ஒரு பிடி போட்றேன்."

"அப்போ உனுக்கு பசிக்குமே?"

"பசிக்கட்டும்டி."

பசித்தது. அந்த வாரம் பாதி நாள் நான் வெறும் நீராகாரம்தான் குடித்தேன். பிள்ளைக்கோ கொண்டாட்டம். நான் வாயைத் திறந்தால் போதும், பானையோடு ஓடி வருவாள். என் பேச்சைக் கேட்டுப் பயந்த பிள்ளை, அதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை என் பானை கழுத்துவரை நிறைந்திருந்தது. உபதேசியார் அதைத் தூக்கிக் காட்டி, "ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தத் தாய் கொடுத்திருப்பதைப் பாருங்கள்" என்றார். முன்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெருமை என் பிறவிக் குணம். பக்கத்தில் பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தாள். எழுந்து நின்றேன்.

"ஐயா, இது காணிக்க இல்ல. என் புள்ளைங்கள நான் சபிச்ச சாபம். ஒரு சாபத்துக்கு ஒரு பிடி."

பின்னாலிருந்து ஒரு பெண், "அடியம்மா, அப்டி பாத்தா என் ஊட்லர்ந்து மூட்டதான் வரணும்!" என்றாள். உபதேசியாரே சிரித்துவிட்டார். என் முகம் எரிந்தது. ஆனாலும் அன்றைக்குப் போல லேசான மனதோடு நான் வீட்டுக்கு நடந்ததில்லை.

அறுப்பு வருவதற்குள் வாரா வாரம் பானையில் சேரும் அரிசி மெல்லக் குறைந்தது. ஒருநாள் ஆடு என் நல்ல புடவையைத் தின்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். பானை வந்து நின்றது. "ஸ்தோத்திரம்" என்றேன். பிள்ளை ஏமாந்த முகத்தோடு பானையை எடுத்துப்போய் வைத்தாள்.

"என்னம்மா, அரிசி குறைந்துவிட்டதே?" என்று உபதேசியார் கேட்டார்.

"கொறஞ்சிதான் போச்சு ஐயா. நீங்களும் ஸ்தோத்திரம் சொல்லுங்க."

அடியோடு விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். போன மாதம்கூட ஆவடிக்குப் போன பட்டாளத்து லாரி, நான் காயவைத்த மிளகாய் மேலெல்லாம் புழுதியை வாரிப் போட்டது. வார்த்தை வந்துவிட்டது. இப்போது பானையோடு ஓடிவருகிற வயதில் அவள் இல்லை. நானே எழுந்துபோய் ஒரு பிடி போட்டேன்.

அந்த அறுப்புக் காலத்திலேதான் ஒரு சாயங்காலம் அவள் முறை வந்தபோது, "ஏசப்பா, அன்னிக்கி கேட்டேனே, அத்த உட்டுடு" என்றாள். அந்த வீட்டிலேயே முதலில் ஆமென் சொன்னது நான்தான்.

நோட்டுக்காரி, அவள்தான் உன் அம்மா. வாடி கண்ணு, இப்படி வந்து உட்கார்ந்து முதலிலிருந்து படி, அடுப்படியில் இருக்கிற அவளுக்கும் கேட்கட்டும். ஆமென் வருகிற இடத்தில் மட்டும் நிறுத்து. அதை நான் சொல்கிறேன்.