பூவரசு என்று நான் சொன்ன கட்டை

அந்தப் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. நான்காம் நாள் வீட்டிலிருந்த சிலிண்டரும் தீர்ந்தது. புதுச் சிலிண்டர் ஏற்றிய லாரி வழியில் எங்கோ விழுந்த மரங்களுக்குப் பின்னால் நிற்பதாகச் சொன்னார்கள். கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினோம்.

விறகுக்குக் குறைவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் மெஷின் ரம்பத்தால் அறுத்துப்போட்ட கட்டைகள் அரசலாற்றங்கரையில் குவிந்து கிடந்தன. இலையும் கிளையும் கழித்த வெறும் கட்டைகள். எது என்ன மரமென்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் வளர்ந்த வீடு ஒரு மரவாடிக்குப் பின்புறம் இருந்தது. வேம்பென்றால் அறுத்த முகத்தில் சிவப்பு ஓடும், முகர்ந்தால் கசப்பு மூக்கில் ஏறும். சீமைக்கருவையைக் கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுத்துவிடும். தூங்குமூஞ்சி நடுவில் கறுத்து ஓரத்தில் வெளுத்திருக்கும். நான் புரட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அக்கம்பக்கத்துப் பெண்கள் அதன்படி எடுத்துப் போனார்கள். அலுவலகத்தில் கோப்பு தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. நாலு பேர் என் சொல்லுக்காகக் காத்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

சாம்பல் நிறப் பட்டையும் வெள்ளை உடம்புமாகச் சில கட்டைகள் தனியே ஒதுங்கிக் கிடந்தன. கொஞ்சம் தயங்கினேன். பிறகு, "இளம் பூவரசு, இன்னும் வைரம் ஏறல" என்று சொல்லிவிட்டேன். மூன்று வீட்டார் அவற்றை எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம்.

என் கணவரின் அக்கா அப்போது எங்களோடு இருந்தார். தன் கணவர் இறந்தபின் எங்கள் வீட்டுக்கே வந்து, ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவர்தான் கொல்லையில் விறகு பிளந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"இதுல பால் மாதிரி கசியுதே. பூவரசா இது?"

"மழையில ஊறிக் கெடந்ததுக்கா. ஈரமா இருக்கும்."

"ஈரம் வெள்ளையா வருமா?"

"பூவரசுதாங்க்கா. நான் பாக்காத மரமா?"

அவர் புறங்கையால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டையைப் பிளந்தார். சோறு கொதி வருவதற்குள் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். உச்சிவேளைக்குள் இரண்டு இமையும் வீங்கி மூடிக்கொண்டன. கன்னத்தில் கொப்புளம் கண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்ன மரம்மா அது?"

"தெரியலங்க டாக்டர். அக்காதான் ரோட்டோரமா கெடந்தத எடுத்துட்டு வந்தாங்க."

எப்படி அந்த வார்த்தை என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அக்கா பக்கத்து நாற்காலியில் கண்ணில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார். துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"மரம் தெரிஞ்சா நல்லது. ஒரு துண்ட யார்கிட்டயாவது காட்டிக் கேளுங்க," என்றார் டாக்டர்.

ஒரு துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு திருநள்ளாறு சாலையிலுள்ள விறகுக்கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையால் தொடவில்லை. அரிவாள் நுனியால் பட்டையைக் கீறினார். வெள்ளைப் பால் துளிர்த்தது.

"தில்லைங்க இது. ஆத்து மொகத்துல, உப்புத்தண்ணியில நிக்கிற மரம். பாலு கண்ணுல பட்டா பார்வையே போயிடும். எரிச்சா பொகையும் ஆகாது. யாரு இத வெறகுன்னு எடுத்தது?"

நான் பையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டரிடம் போனில் மரத்தின் பெயரைச் சொன்னேன். பிறகு அந்த மூன்று வீடுகளுக்கும் ஓடினேன். முதல் வீட்டில் அதை எரித்து, கண் எரிச்சல் தாங்காமல் அடுப்பை அணைத்திருந்தார்கள். இரண்டாம் வீட்டில் காயவைத்திருந்தார்கள். மூன்றாம் வீட்டுப் பெண் அதைப் பிளக்கக் கையில் அரிவாளோடு நின்றாள்.

"நீங்கதானக்கா பூவரசுன்னீங்க?" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

"ஆமா. தப்பா சொல்லிட்டேன்."

இதை அவளிடம் சொல்ல முடிந்தது. வீட்டில் சொல்ல முடியவில்லை. எட்டு நாள் அக்காவுக்குச் சோறு ஊட்டினேன், கைபிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனேன், வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டேன். ஒவ்வொரு முறை இமையை விரித்துப் பிடிக்கும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். தையல் மெஷின் உறை போட்டபடி மூலையில் கிடந்தது.

ஒன்பதாம் நாள் சன்னல் வெளிச்சம் தெரிகிறது என்றார். மறுநாள் என் முகம் தெரிந்தது. அன்றைக்குத்தான் சொன்னேன்.

"அக்கா, டாக்டர்கிட்ட உங்க மேல பழியப் போட்டுட்டேன். நீங்க கேட்டப்பவே நான் ஒழுங்கா பாத்திருக்கணும்."

"கண்ணுதாம்மா மூடியிருந்துச்சு. காது நல்லாத்தான் கேட்டுச்சு," என்றார். பிறகு, "உன் புருசன்கிட்ட இதச் சொல்லாத. அவன் கத்துவான்," என்றார்.

நான் அழுதேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

வலது கண் முழுதாகத் தேறிவிட்டது. இடது கண்ணின் கருவிழியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. இப்போதும் தைக்கிறார். கறுப்புத் துணி வந்தால் மட்டும் நூல் தெரிவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஏன் என்று கேட்பவர்களிடம், வயதாகிவிட்டது என்கிறார். நான் பக்கத்தில் நிற்கும்போதும் அதையேதான் சொல்கிறார்.