டோர்காஸ் பொறுக்கிய எலும்புகள்

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் எங்கள் ஈஸ்ட்மியர் ஒரு காலத்தில் நான்கு தேவாலயங்கள் இருந்த துறைமுகப் பட்டணமாம். மூன்றைக் கடல் தின்றுவிட்டது. நான் பிறந்தபோது கடலோர மண்மேட்டின் விளிம்பை ஒட்டி ஒன்றுதான் மிச்சம்.

டோர்காஸ் ஸ்பாலும் நானும் மீன் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று குடல் எடுப்பவர்கள். அவள் புருஷன் ஜாபெஸ் படகு கவிழ்ந்து செத்தான். நெடுநாள் கழித்துத்தான் உடல் கரை ஒதுங்கியது. காலணியை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். கல்லறைத் தோட்டத்தில் கடலோர மூலையில் புதைத்தோம். ஏழைகளுக்கு அந்தப் பக்கம்தான்.

வருஷாவருஷம் மேடு சரிந்தது. மேய்ச்சல் நிலம் போயிற்று, பாதை போயிற்று, கடைசியில் கல்லறைத் தோட்டத்துச் சுவரும் போயிற்று. ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பண்ணைக் குடும்பம் தங்கள் முன்னோரைப் பெட்டியோடு பெயர்த்து, கடலை விட்டு உள்ளே தள்ளிக் கட்டிய புதுத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனது. டோர்காஸ் பாதிரியாரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஐயா, என் வீட்டுக்காரரையும் எடுத்துடுங்க."

"பிஷப் அனுமதி வரணும் டோர்காஸ். கேட்டிருக்கேன்."

"பண்ணைக்காரங்களுக்கு மட்டும் சட்டுனு வந்துச்சே ஐயா? கடல் ஒரு தடவ அவர எடுத்துக்கிச்சு. அழுது அழுது திருப்பி வாங்கினேன். மறுபடியும் குடுக்க என்னால முடியாது."

நல்ல மனிதர், கண் கலங்கினார். அனுமதி மட்டும் வரவில்லை.

கொட்டகைக்கு மீன் ஏற்ற வந்த வண்டிக்கார ஏமஸிடம் அவள் உதவி கேட்டாள்.

"உன் புருஷன் உயிரோட இருந்தப்ப கூலிக்குப் பயந்து என் வண்டியில ஏறினதே இல்ல. இப்ப ஏறுவானா?" என்றான் அவன்.

"இப்ப வாய் தொறக்க மாட்டாருல்ல, ஏறுவாரு" என்றாள். கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பாதிரியாருக்கும் பண்ணைக்கும் தெரியாமல் திங்கட்கிழமை விடியலில் தோண்டி, ஏமஸ் வண்டியில் ஏற்றிப் போவதாகப் பேச்சு. சனிக்கிழமை வாடைக்காற்று எழுந்தது. திங்கட்கிழமை நாங்கள் மண்வெட்டியோடு போனபோது அந்த மூலையே இல்லை. ஏமஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். டோர்காஸ் கீழே மணலுக்கு இறங்கினாள்.

அன்றிலிருந்து தினமும் அலை வடியும்போது போய், சரிந்த மண்ணில் கிடக்கும் எலும்புகளை இடுப்பில் கட்டிய முன்துணியில் அள்ளி வந்தாள். தேவாலயத்தைப் படம் வரைய வந்திருந்த சரித்திரச் சங்கத்துக் கனவான் ஒருவர் ஒரு மண்டையோட்டை எடுத்துத் துடைத்தார்.

"இது ரொம்பப் பழசும்மா. இந்த ஊர்ச் சரித்திரம்."

"மனுஷன் தலைங்க அது. இப்படிக் குடுங்க."

அவர் புன்னகைத்து, பையில் போட்டுக்கொண்டு, அவளுக்கு மரியாதையாகத் தொப்பியை உயர்த்திவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏடி, இதுல ஜாபெஸ் எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியல. அதனாலதான் எதையும் விட முடியல."

புதுக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழி தோண்டி எல்லாவற்றையும் புதைக்கப் பாதிரியார் ஏற்பாடு செய்தார். ஊர்ப் பெரியவர்கள், இனி சாகிறவர்களுக்கு இடம் வேண்டாமா என்று முணுமுணுத்தார்கள். இனி எலும்பு கொண்டுவரக் கூடாது என்று குழியை மூடிவிட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் டோர்காஸின் வீட்டுச் சமையலறை கடலில் விழுந்தது. அவளை ஏழைகள் விடுதிக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

ஒரே ஒரு முறை பார்க்கப் போனேன். விடுதிக்காரர்கள் கொடுத்த சாம்பல் நிற உடுப்பில் கூனிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப யாரு பொறுக்குறா?"

"நான்தான்" என்று பொய் சொன்னேன்.

"சின்ன எலும்ப விட்டுடாத. விரல் எலும்பு கூழாங்கல் மாதிரியே இருக்கும்."

சரி என்று தலையாட்டினேன்.

அவள் இறந்த செய்தி வந்த அன்று கொட்டகையில் மீன் மலைபோல் குவிந்திருந்தது. விடுப்பு கேட்டேன், தரவில்லை. குடல் எடுத்துக்கொண்டே இருந்தேன்.