படியில் இல்லாத செருப்புகள்

1. முதல் நாள்

மண்டபத்துப் படியில் ஒரு செருப்புக்கூட இல்லை. பதினெட்டுப் பிள்ளைகள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணி, உள்ளிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. பருத்தித்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்தது வீண் என்று முணுமுணுத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

பதினெட்டுப் பேரும் உள்ளேதான் இருந்தார்கள். சுவரோடு ஒட்டி, கதவைப் பார்த்தபடி, வரிசையாக. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சோடிச் செருப்பு.

அது ஒரு கடற்கரை ஊர். ஊருக்குள் இருந்த இரண்டு குறிச்சிகள் விளையாடிய கால்பந்துப் போட்டியில் வாய்த்தர்க்கம் தொடங்கி, மூன்றாம் நாள் ஒரு குறிச்சியின் வீடுகள் எரிந்தன. பந்து ஒரு சாட்டு. அடியில் கிடந்தது பழைய சாதிப் பகை. எரிந்த குறிச்சியின் பிள்ளைகள்தான் இவர்கள். ராஜன் சேர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஊரில் நாலு பேரைச் சேர்த்து, வலை வைக்கும் பழைய மண்டபத்தில் இவர்களுக்காக ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கியிருந்தார். நான் அதில் உளவளத்துணையாளர்.

"ஏன் பிள்ளையள், செருப்பை மடியிலை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

எல்லோரும் செருப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஒன்பது வயது நிரோஜா மட்டும் தன் நாலு வயதுத் தம்பியின் செருப்பையும் எடுத்துத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

2. றாக்கை

ஒரு மாதம் போனது. படம் கீறினார்கள், களிமண்ணில் வள்ளம் செய்தார்கள். செருப்பு மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை. வெளியே ஏதாவது வாகனம் நின்றால் பதினெட்டு வாயும் ஒரே நேரத்தில் மூடும். அந்த அமைதிக்கு நான் கடைசிவரை பழகவில்லை.

எங்களுக்குப் பண உதவி செய்பவர்கள் கொழும்பிலிருந்து பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ராஜன் சேருக்குப் பதற்றம்.

"உதென்ன மிஸ், செருப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு? வாறவை என்ன நினைப்பினம்?"

எனக்கும் அது உறுத்தியது. பயிற்சிப் பட்டறைகளில் 'நல்ல பழக்கங்களை மீளக் கட்டியெழுப்புதல்' என்று எத்தனை தரம் படித்திருப்பேன்! செருப்பு அடுக்கத் தட்டுகள் வைத்த ஒரு மர றாக்கை செய்வித்து வாசலில் வைத்தேன். அவர்கள் வரவிருந்த அன்று பிற்பகல் நானே ஒவ்வொரு மடியிலிருந்தும் செருப்பை எடுத்து அதில் அடுக்கினேன். யாரும் எதிர்க்கவில்லை. அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். மடைச்சி.

விருந்தினரின் வான் வண்டி வந்து நின்றது. கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம். நானும் சேரும் படலை வாசலுக்குப் போய் விருந்தினரை அழைத்து வந்தோம். றாக்கையில் பதினெட்டுச் சோடிச் செருப்பு. மண்டபத்தில் ஒரு பிள்ளையும் இல்லை. களிமண் வள்ளங்கள் மட்டும் ஈரத்தோடு கிடந்தன.

பின்னறையில் பழைய வலைகள் குவிந்திருந்தன. அந்தக் குவியல் மெல்ல ஏறி இறங்குவதைக் கண்டேன். வலையைத் தூக்கினால், எல்லோரும் அதன் அடியில், கண்ணைத் திறந்தபடி. நிரோஜாவின் கை தம்பியின் வாயையும் மூக்கையும் பொத்தியிருந்தது. அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. அந்தக் கையைப் பிரிக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. அவன் மூச்சிழுத்து வீரிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நிரோஜா அழவில்லை.

"வீடு எரிச்ச அண்டைக்கும் என்ரை செருப்பு வெளியிலை கிடந்தது, மிஸ். அதைப் பாத்துத்தான் உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம் எண்டு கண்டவை. கதவை உடைச்சு அப்பாவை வெட்டினவை."

3. தகப்பன்

"உன்ரை பிழை இல்லை, பிள்ளை" என்று எத்தனையோ தரம் சொன்னேன். பாடப்புத்தக வசனம், அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள். கடைசியில் அவள் தகப்பனிடம் போனேன். காலில் வெட்டுப்பட்டு, கடலுக்குப் போக முடியாமல் உறவினர் வீட்டில் இருந்தார். நிரோஜா சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

மறுநாள் ஊன்றுகோலோடு மண்டபத்துக்கு வந்தார். படியில் நின்று சிரமப்பட்டுத் தன் செருப்பைக் கழற்றினார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிரோ, அண்டைக்கு நீ செருப்போடை ஓடி வந்தனீ. வீட்டுக்குள்ளை செருப்போடை வராதை எண்டு கத்தினது ஆர்?"

"நீங்கள்."

"ஓம். நான் சொல்லித்தான் நீ கழட்டினனீ. செருப்பு கிடந்தாலும் கிடக்காட்டிலும் அவங்கள் உடைச்சிருப்பாங்கள். அப்பிடியும் பிழை எண்டால் அது என்ரை. அதை என்னட்டைத் தா."

அவள் சட்டைக்குள்ளிருந்து இரண்டு சோடியையும் எடுத்தாள். படிக்கு வந்து, தகப்பனின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, மூன்று சோடியின் முனையையும் வெளிப்பக்கம் திருப்பினாள். ஓட வேண்டி வந்தால் காலை நுழைத்தவுடன் ஓடலாம். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நானும் அழுதேன்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக, பல மாதங்களில் வைத்தார்கள். இரண்டு பேர் கடைசிவரை வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. றாக்கையில் களிமண் வள்ளங்களை அடுக்கினோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பிள்ளையின் விசித்திரப் பழக்கத்தைத் திருத்த முன், அது எதற்குக் காவல் நிற்கிறது என்று கேளுங்கள். நான் ஓய்வுபெற்று விட்டேன். இப்போதும் எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.